மறுபடி வரச் சொன்னால் புற்றுநோயா? மாமோகிராமின் தவறான எச்சரிக்கைகள்

ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர், பெண்நோய் மருத்துவர்களுக்கு நடத்திய பயிற்சி வகுப்புகளில் ஒரு கணக்குக் கொடுத்தார். எந்த அறிகுறியும் இல்லாத பெண் ஒருவர் மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கிறார். அவரைப் போன்ற பெண்களில் 100க்கு 1 பேருக்கு மார்பகப் புற்றுநோய் இருக்கும். நோய் உள்ள 100 பேரில் 90 பேரை மாமோகிராம் காட்டிக்கொடுத்துவிடும். நோய் இல்லாதவர்களிலும் 9 சதவீதம் பேருக்குச் ‘சந்தேகம்’ என்று வரும். இந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் என்று வந்திருக்கிறது. அவருக்குப் புற்றுநோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

விடை சொன்ன 160 மருத்துவர்களில் பெரும்பாலோர் 81 சதவீதம் என்றோ 90 சதவீதம் என்றோ சொன்னார்கள். சரியான விடை 10 பேரில் 1 பேருக்கு என்பதுதான். அதைச் சொன்னவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இது சாமானியர்களிடம் கேட்ட கேள்வி இல்லை. தினமும் இந்த ரிப்போர்ட்டுகளைப் பெண்களிடம் எடுத்துச் சொல்லும் டாக்டர்களிடம் கேட்டது.

பேப்பரில் போட்டுப் பார்த்தால் கணக்கு ஒன்றும் கடினம் இல்லை. 1000 பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 பேருக்குப் புற்றுநோய், அதில் 9 பேரை மாமோகிராம் பிடித்துவிடுகிறது. மீதி 990 பேருக்கு நோயே இல்லை. ஆனால் அவர்களில் 9 சதவீதம், அதாவது 89 பேருக்குச் சந்தேகம் என்று வருகிறது. ஆக மொத்தம் 98 பேர் பயந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களில் நோயுள்ளவர்கள் 9 பேர். நோய் அரிதாக இருக்கும் கூட்டத்தில் எவ்வளவு நல்ல சோதனையைக் கொண்டுவந்தாலும் இப்படித்தான் ஆகும். நோயில்லாதவர்கள் அவ்வளவு பேர் இருப்பதால், அவர்களில் கொஞ்சம் பேர் தவறாகச் சிக்கினாலே நோயுள்ளவர்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிடும்.

நோய் இல்லாதவருக்கு இருக்கலாம் என்று காட்டுவதைத் தவறான நேர்மறை முடிவு என்கிறார்கள். நாம் தவறான எச்சரிக்கை என்றே சொல்வோம். கோவிட் சோதனை மாதிரி மாமோகிராமில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதி வருவதில்லை. பைராட்ஸ் என்ற தலைப்பில் ஓர் எண் வரும். 1, 2 என்றால் பிரச்சினை இல்லை. 3 என்றால் அநேகமாக ஒன்றும் இருக்காது, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கலாம். புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. 4 என்றால் பயாப்ஸி, அதாவது கொஞ்சம் திசுவை எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். 5 என்றால் 95 சதவீதத்துக்கு மேல் சந்தேகம். இதில் அதிகம் பேரைக் கலங்கடிப்பது 0. ‘படம் போதவில்லை, இன்னும் சில கோணங்களில் எடுக்க வேண்டும், அல்லது அல்ட்ராசவுண்ட் வேண்டும்’ என்பதைத் தவிர அந்த 0 வேறு எதையும் சொல்லவில்லை. 4ஆம் எண்ணும் ஏமாற்றக்கூடியது. 2 சதவீதச் சந்தேகத்திலிருந்து 95 சதவீதச் சந்தேகம் வரை எல்லாம் அதற்குள் அடங்கும். அதனால்தான் அதை 4ஏ, 4பி, 4சி என்று பிரிக்கிறார்கள். 4ஏ என்றால் 10 சதவீதத்துக்குள். ரிப்போர்ட்டில் வெறும் 4 என்று மட்டும் இருந்தால், எந்தப் பிரிவு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வகுப்பறைக் கணக்கை விட்டுவிட்டு நிஜ எண்களுக்கு வருவோம். அமெரிக்காவில் 2007 முதல் 2013 வரை எடுக்கப்பட்ட சுமார் 16.8 லட்சம் ஸ்கிரீனிங் மாமோகிராம்களை, அதாவது அறிகுறி இல்லாதவர்களுக்கு எடுப்பவற்றைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1000 மாமோகிராமுக்கு 116 பேரை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது 5 பேருக்கு. திரும்ப அழைக்கப்பட்ட 100 பேரில் 95 பேர் எந்தப் புற்றுநோயும் இல்லாதவர்கள்.

இது ஒரு தடவை எடுக்கும் மாமோகிராமின் கணக்கு. ஸ்கிரீனிங் என்பதோ வருடக்கணக்கில் தொடர்வது. இந்த இடத்தில்தான் ஜோன் எல்மோரும் சக ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு பலரைத் திடுக்கிட வைத்தது. 40 முதல் 69 வயது வரையிலான 2400 பெண்களின் பத்து வருட மருத்துவப் பதிவுகளை அவர்கள் புரட்டினார்கள். மொத்தம் 9762 மாமோகிராம்கள். அதில் தவறான எச்சரிக்கை 6.5 சதவீதம்தான். கேட்க ரொம்பச் சின்ன எண். ஆனால் ஒரு பெண் பத்து முறை எடுத்தால், அதில் ஒரு முறையாவது தவறான எச்சரிக்கையைச் சந்திக்கும் வாய்ப்பு 49 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. 10 மாமோகிராமுக்குள் தேவையில்லாத பயாப்ஸி வரை போகும் வாய்ப்பு 18.6 சதவீதம்.

கால்குலேட்டர் இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம். ஒரு முறை தப்பிக்கும் வாய்ப்பு 0.935. அதைப் பத்து முறை பெருக்கினால் 0.51 வரும். நிஜ வாழ்க்கையில் இது இவ்வளவு சுத்தமாக நடக்காது. சில பெண்களின் மார்பகத் திசு திரும்பத் திரும்பச் சந்தேகத்தைக் கிளப்பும். சிலருக்கு ஒரு முறைகூட வராது. இருந்தாலும் பிற்கால ஆய்வுகளும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. 2011இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில், வருடா வருடம் எடுப்பவர்களில் பத்து ஆண்டுகளில் 61 சதவீதம் பேர் ஒரு முறையாவது தவறாகத் திரும்ப அழைக்கப்படுவார்கள் என்று வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் அது 42 சதவீதமாகக் குறைந்தது. வீண் பயாப்ஸி 7 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுத்தவர்களிடம் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய் சற்றே கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று சொல்லும் அளவுக்குத்தான் அந்த வித்தியாசம்.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்கிறது. அந்த முடிவிலேயே எத்தனை பெண்கள் வீணாகப் பயப்படப் போகிறார்கள் என்பதும் முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. தவறான எச்சரிக்கையை எக்ஸ்ரே இயந்திரத்தின் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். எனக்கு இது ஏற்பாட்டின் விஷயமாகத்தான் படுகிறது. யாருக்கு எடுக்கிறோம், எவ்வளவு அடிக்கடி எடுக்கிறோம், படத்தை யார் பார்க்கிறார்கள், பழைய படம் பக்கத்தில் இருக்கிறதா? இவற்றை மாற்றினால் எண்ணும் மாறுகிறது.

அதற்கு நல்ல சாட்சி பிரிட்டன். அங்கே தேசிய சுகாதார சேவை 50 வயதிலிருந்து 71 வயதுக்குள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெண்களை அழைக்கிறது. 100 பேர் எடுத்தால் 4 பேரை மறுபடி வரச் சொல்வார்கள், அந்த நால்வரில் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கும். அமெரிக்காவையும் பிரிட்டனையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2003இல் ஓர் ஆய்வு வந்தது. திரும்ப அழைப்பது அமெரிக்காவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அறுவை பயாப்ஸியும் இரண்டு மடங்கு. கண்டுபிடித்த புற்றுநோயின் அளவோ இரண்டு நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அப்படியென்றால் கூடுதலாக அழைக்கப்பட்ட அமெரிக்கப் பெண்கள் அலைந்ததில் யாருக்கு என்ன லாபம்?

காரணங்களைத் தேடிப் போனால் பெரிய மர்மம் இல்லை. பிரிட்டனில் ஒரு படத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். கருத்து வேறுபட்டால் மூன்றாமவர் பார்க்கிறார், அல்லது கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். அங்கே ஸ்கிரீனிங் படம் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் வருடத்துக்குக் குறைந்தது 5000 படம் பார்த்திருக்க வேண்டும். அமெரிக்க விதியோ இரண்டு வருடத்தில் 960 என்கிறது. வாரத்துக்கு நூறு படம் பார்க்கும் கண்ணுக்கும் வாரத்துக்குப் பத்துப் படம் பார்க்கும் கண்ணுக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்?

இன்னொரு காரணமாக வழக்குப் பயத்தைச் சொல்வார்கள். அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோயைத் தவறவிட்டதாக ரேடியாலஜிஸ்டுகள் மீது போடப்படும் வழக்குகள் நிறைய. அவர்களிடமே கேட்டபோது முக்கால்வாசிப் பேர் வழக்கு பற்றிக் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அதனால் பயாப்ஸி அதிகம் சொல்கிறோம் என்றும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் 2005இல் வெளியான அந்த ஆய்வே, வழக்கைச் சந்தித்தவர்களின் திரும்ப அழைக்கும் விகிதம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இல்லை என்றும் கண்டது. எல்லோருமே பயந்திருந்தால் யாரை யாரோடு ஒப்பிடுவது என்பது வேறு கேள்வி.

சரி, படத்தில் அப்படி என்னதான் தெரிகிறது? மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் அழுத்தி எக்ஸ்ரே எடுக்கும்போது, முன்னும் பின்னுமாக இருக்கும் திசுக்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கட்டி போலத் தோன்றலாம். வேறு கோணத்தில் எடுத்தால் மறைந்துவிடும். திரும்ப அழைப்பதில் பெரும்பகுதி இந்த வகைதான். நீர்க்கட்டி, நார்க்கட்டி போன்ற தீங்கில்லாத கட்டிகள் இன்னொரு வகை. அடுத்தது சுண்ணாம்புப் புள்ளிகள். வயதானால் மார்பகத்தில் அங்கங்கே கால்சியம் படிவது சகஜம். ஆனால் சிறு பொடியாக, கொத்தாக இருந்தால் அது பால்நாளங்களுக்குள்ளேயே இருக்கும் ஆரம்பநிலைப் புற்றுநோயின் தடயமாகவும் இருக்கலாம் என்பதால் விடமாட்டார்கள். அன்றைக்கு அக்குளில் பவுடரும் டியோடரண்டும் போடாமல் வாருங்கள் என்று சொல்வதும் இதனால்தான். அந்தத் துகள்கள் எக்ஸ்ரேயில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரியே தெரியும். 2021இல் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. கோவிட் தடுப்பூசி போட்ட கைப்பக்கத்து அக்குளில் நிணநீர்க் கணு வீங்கி, மாமோகிராமில் சந்தேகத்தைக் கிளப்பியது. தடுப்பூசிக்கு முன்போ, அல்லது நான்கு முதல் ஆறு வாரம் கழித்தோ வாருங்கள் என்று அமெரிக்க மார்பகப் படவியல் நிபுணர்கள் அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று.

வயது குறையக் குறையத் தவறான எச்சரிக்கை கூடும். இளம் பெண்களின் மார்பகத்தில் கொழுப்பு குறைவு, சுரப்பித் திசு அதிகம். இதைத்தான் அடர்த்தியான மார்பகம் என்கிறார்கள். எக்ஸ்ரேயில் அது வெள்ளையாகத் தெரியும். புற்றுநோயும் வெள்ளைதான். போதாததற்கு அந்த வயதில் நோயே அரிது. கிகெரென்சரின் கணக்கில் 100க்கு 1 என்பதற்குப் பதிலாக 1000க்கு 1 என்று போட்டுப் பாருங்கள். சந்தேகம் என்று வந்த 91 பேரில் ஒருவருக்குத்தான் நோய் இருக்கும்.

அடர்த்தியான மார்பகத்துக்கு அல்ட்ராசவுண்டும் சேர்த்துப் பார்த்தால் என்ன என்று ஜப்பானில் முயன்றார்கள். 40களில் இருக்கும் சுமார் 73,000 பெண்களில் பாதிப் பேருக்கு மாமோகிராம் மட்டும், பாதிப் பேருக்கு இரண்டும். நோய் உள்ளவர்களைக் கண்டுபிடிப்பது 77 சதவீதத்திலிருந்து 91 சதவீதமாக ஏறியது. கூடவே நோயில்லாதவர்களில் சந்தேக வலையில் விழுந்தவர்கள் 9 சதவீதத்திலிருந்து 12 சதவீதமானார்கள். சல்லடைக் கண்ணைச் சிறிதாக்கினால் கல்லோடு சேர்ந்து அரிசியும் தங்கும். நெதர்லாந்தில் மிக அடர்த்தியான மார்பகம் கொண்ட பெண்களுக்கு எம்ஆர்ஐ எடுத்தபோதும் முதல் சுற்றில் 1000க்கு 80 பேருக்குத் தவறான எச்சரிக்கை வந்தது. ஆனால் அதே பெண்களுக்கு இரண்டாவது சுற்றில் அது 26 ஆகச் சரிந்தது. ஒரு காரணம், ஒப்பிட்டுப் பார்க்க முதல் சுற்றுப் படம் கையில் இருந்தது.

பழைய படத்தின் மதிப்பை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. முன்பு பார்த்த 2011 அமெரிக்க ஆய்விலும் இதே விஷயம் வருகிறது. ஒப்பிடுவதற்கு முந்தைய மாமோகிராம் இருந்தால் தவறாகத் திரும்ப அழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. ஐந்து வருடமாக அசையாமல் அதே இடத்தில் இருக்கும் நிழலைப் பார்த்து யாரும் பதறப்போவதில்லை.

அலைச்சலுக்கு வருவோம். எல்மோர் ஆய்வின் 2400 பெண்களுக்கு வந்த தவறான எச்சரிக்கைகளைத் தெளிவுபடுத்த, 870 முறை மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தது. 539 கூடுதல் மாமோகிராம், 186 அல்ட்ராசவுண்ட், 188 பயாப்ஸி, ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் தங்கல். ஸ்கிரீனிங்குக்கு 100 டாலர் செலவானால், அதன் தவறான எச்சரிக்கைகளைத் தீர்த்துவைக்க இன்னொரு 33 டாலர்.

மனசுக்கு ஆகும் செலவை டென்மார்க்கில் அளந்து பார்த்தார்கள். தவறான எச்சரிக்கை வந்த பெண்களையும், சுத்தமாக ஒன்றுமில்லை என்று வந்தவர்களையும், புற்றுநோய் உறுதியானவர்களையும் மூன்று வருடம் பின்தொடர்ந்தார்கள். ஆறு மாதம் கழித்தும், மன அமைதி, வாழ்க்கை பற்றிய பார்வை போன்ற விஷயங்களில், ஒன்றுமில்லை என்று ஊர்ஜிதமானவர்கள் நிஜமாகவே புற்றுநோய் வந்தவர்களைப் போலவே மாறியிருந்தார்கள். மூன்று வருடத்துக்குப் பிறகும் அவர்கள் பழைய நிலைக்கு வரவில்லை; புற்றுநோய் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் நடுவில் எங்கோ நின்றார்கள். ‘ஒன்றுமில்லை, சும்மா ஒரு செக்கப்’ என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். இதற்கு எதிர்த்தரப்பும் இருக்கிறது. அந்தப் பயம் சில வாரங்களில் போய்விடும், ஓர் உயிரைக் காப்பாற்ற அது பெரிய விலையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விலையைக் கொடுக்கலாமா என்று தீர்மானிக்க வேண்டியவர் அந்தப் பெண். அவருக்கு விலை என்னவென்று முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தவறான எச்சரிக்கை வேறு, மிகைக் கண்டறிதல் வேறு. முன்னதில் புற்றுநோய் கிடையாது, ஒருகட்டத்தில் தெளிவாகிவிடும். பின்னதில் நுண்ணோக்கியின் கீழ் நிஜமான புற்றுநோய் தெரிகிறது, ஆனால் கண்டுபிடிக்காமலே விட்டிருந்தாலும் அந்தப் பெண்ணை அது வாழ்நாளில் தொந்தரவு செய்திருக்காது. யாருடையது அப்படிப்பட்டது என்று தெரியாததால் எல்லோருக்கும் சிகிச்சை நடக்கும். பிரிட்டனில் மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு 2012இல் கொடுத்த கணக்கு இது: 50 வயதில் தொடங்கி 20 வருடம் 10,000 பெண்களை ஸ்கிரீனிங்குக்கு அழைத்தால் 43 மரணங்கள் தவிர்க்கப்படும், 129 பேர் இந்த மிகைக் கண்டறிதலுக்கு ஆளாவார்கள். இது தனியாகப் பேச வேண்டிய விஷயம். இங்கே சொல்லக் காரணம், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி ‘மாமோகிராமே மோசடி’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள்தான். 43 உயிர் சின்ன விஷயம் இல்லை.

கம்ப்யூட்டர் வந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கை புதிது அல்ல. சந்தேக இடங்களைக் கம்ப்யூட்டரே சுட்டிக்காட்டும் ஒரு மென்பொருளுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1998இலேயே அனுமதி கொடுத்தது. சில வருடங்களில் அது பரவலானது. 2007இல் அதன் பலனை அளந்தபோது, பயாப்ஸிகள் ஏறக்குறைய 20 சதவீதம் கூடியிருந்தன, துல்லியமோ குறைந்திருந்தது. பார்க்கும் இடமெல்லாம் குறி வைத்தால் வேறென்ன நடக்கும்?

இப்போதைய செயற்கை நுண்ணறிவு அதைவிட மிகவும் முன்னேறியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்வீடனில் மசாய் என்ற ஆய்வில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கம்போல இரண்டு மருத்துவர்களும், மறு பாதிக்கு மென்பொருளின் துணையோடும் படம் பார்த்தார்கள். 2025இல் வந்த முடிவின்படி, மென்பொருள் தரப்பில் 29 சதவீதம் கூடுதலாகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. தவறான எச்சரிக்கை 1.5 சதவீதம், வழக்கமான முறையில் 1.4 சதவீதம். செய்தித்தாள்கள் 29 சதவீதத்தைத் தலைப்பாக்கின. நான் பார்த்து நின்றது அந்த 1.4 என்ற எண்ணில். எந்த மென்பொருளும் இல்லாமல், 40 வயது தாண்டிய பெண்களையும் சேர்த்துக்கொண்டு, ஸ்வீடனில் தவறான எச்சரிக்கை 1.4 சதவீதம். அமெரிக்காவில் 11. முப்பரிமாண மாமோகிராம் என்று விளம்பரப்படுத்தப்படும் டோமோசிந்தசிஸ் வந்த பிறகும், வருடா வருடம் எடுக்கும் அமெரிக்கப் பெண்களில் பத்து வருடத்தில் பாதிப் பேருக்குத் தவறான எச்சரிக்கை வருகிறது என்று 2022 கணக்கு சொல்கிறது. பழைய இயந்திரத்தில் 56 சதவீதம், புதியதில் 50 சதவீதம். இயந்திரத்தை மாற்றிக் கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

இதையெல்லாம் வெளிப்படையாகப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2009 நவம்பரில் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, 40களில் இருக்கும் பெண்கள் எல்லோரும் கட்டாயம் எடுக்க வேண்டியதில்லை, 50 முதல் 74 வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும் என்றது. சொன்ன காரணங்களில் தவறான எச்சரிக்கை முக்கியமானது. பெரும் கூச்சல் எழுந்தது. காப்பீட்டுச் செலவை மிச்சம்பிடிக்கப் பெண்களைச் சாகவிடுகிறார்கள் என்றார்கள். கடைசியில் நாடாளுமன்றமே 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டத்தில், அந்த 2009 பரிந்துரையைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று எழுதி வைத்தது. 2024இல் பணிக்குழு தொடக்க வயதை 40 ஆகக் குறைத்துக்கொண்டது. இரண்டு வருட இடைவெளியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

நம் பக்கம் நிலைமையே வேறு. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில், 30 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100க்கு 1 பேர்கூட இல்லை. பலர் கட்டி பெரிதான பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ஆகவே கைக்குக் கட்டி தட்டுப்படுகிறது, காம்பிலிருந்து ரத்தம் கசிகிறது, தோல் உள்ளிழுக்கிறது என்றால் இந்தக் கட்டுரையின் கணக்கு எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது. அது ஸ்கிரீனிங் இல்லை, நோய் தேடல். அங்கே சந்தேகத்தின் எடையே வேறு, தாமதிக்கக் கூடாது.

அறிகுறி இல்லாதவர்களுக்கு அரசு வைத்திருக்கும் வழி மாமோகிராம் அல்ல. 30 முதல் 65 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் தடவிப் பார்க்கும் பரிசோதனை என்று 2016இல் வழிமுறை வகுத்தார்கள். கையிலும் தவறான எச்சரிக்கை உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வின் முதல் சுற்றில், பரிசோதிக்கப்பட்ட பெண்களில் 5.7 சதவீதம் பேருக்குச் சந்தேகம் என்றார்கள். அவர்களில் 100க்கு 1 பேருக்குத்தான் புற்றுநோய் இருந்தது. அமெரிக்க மாமோகிராமின் 4, 5 பேரோடு ஒப்பிட்டால் இன்னும் குறைவு. நோய் குறைவாக இருக்கும் மக்கள்தொகையில் கிகெரென்சர் கணக்கு இப்படித்தான் வேலை செய்யும். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2021இல் வெளிவந்தபோது, இதே கைப்பரிசோதனை 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணத்தை ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்ததாகக் கண்டது. 50க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை.

இந்தப் பின்னணியில்தான், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபரில் வரும் தள்ளுபடி விளம்பரங்களைப் பார்க்க வேண்டும். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, ஈசிஜி எல்லாவற்றோடும் ஒரு மாமோகிராமைச் சேர்த்துக் கட்டும் மாஸ்டர் செக்கப்புகள் நம் நகரங்களில் ஏராளம். 35 வயதுப் பெண்ணும் அதே பேக்கேஜில் எடுக்கிறார். பழைய படம் கிடையாது. இந்த வருடம் ஒரு லேப், தள்ளுபடி பார்த்து அடுத்த வருடம் இன்னொரு லேப். படத்தை ஒரே ஒருவர் பார்க்கிறார். தவறான எச்சரிக்கையைக் கூட்டும் அம்சங்கள் அத்தனையும் ஒரே கூரையின் கீழ். சில பேக்கேஜ்களில் சிஏ 15-3 என்ற ரத்தப் பரிசோதனையும் இருக்கும். அது சிகிச்சையில் இருப்பவர்களைக் கண்காணிக்கப் பயன்படும் சோதனை. நோயில்லாதவர்களில் நோயைத் தேடுவதற்கு ஏற்றதல்ல. வெப்பப் படம் எடுக்கும் தெர்மோகிராபி மாமோகிராமுக்கு மாற்று ஆகாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது.

எடுப்பதென்று முடிவு செய்தவர்கள் செய்யக்கூடியது சில உண்டு. முடிந்தவரை ஒரே இடத்தில் எடுப்பது. ரிப்போர்ட் தாளை மட்டும் ஃபைலில் வைத்துவிட்டுப் படத்தைத் தொலைக்காமல், சிடியையோ ஃபிலிமையோ கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது. அடுத்த முறை அதைக் கையோடு கொண்டுபோவது. குடும்பத்தில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இளம் வயதில் வந்திருந்தால், பொதுக் கணக்கை நம்பாமல் மருத்துவரிடம் தனியாகக் கேட்பது. சந்தேகம் என்று வந்தால் முதலில் கேட்க வேண்டியது பைராட்ஸ் எண். இரண்டாவது, அடுத்த பரிசோதனையை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்பது. பிரிட்டனில் திரும்ப அழைக்கப்படும் பெண்ணுக்குக் கூடுதல் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், தேவையானால் ஊசி பயாப்ஸி எல்லாம் பெரும்பாலும் ஒரே வருகையில் முடிந்துவிடும். காத்திருக்கும் நாட்கள் குறைந்தால் பயமும் குறையும்.

அப்புறம், ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு பல பெண்கள் செய்யும் ஒரு காரியம் இருக்கிறது: மறுபடி அந்தப் பக்கமே போவதில்லை. 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சுத்தமான முடிவு வந்தவர்களில் 77 சதவீதம் பேர் அடுத்த ஸ்கிரீனிங்குக்குத் திரும்பினார்கள். தவறான எச்சரிக்கையால் பயாப்ஸி வரை போனவர்களில் 67 சதவீதம். ஆறு மாதத்தில் மறுபடி வாருங்கள் என்று இழுத்தடிக்கப்பட்டவர்களில் 61 சதவீதம்தான். ஸ்வீடனில் தவறான எச்சரிக்கை பெற்ற 45,000 பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, அவர்களில் 20 வருடத்துக்குள் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் 11.3 சதவீதம். தவறான எச்சரிக்கை வராத, அவர்களை ஒத்த பெண்களில் 7.3 சதவீதம். அலுத்துப்போய் வராமல் நின்றுவிடுபவர்கள், சற்றுக் கூடுதலாகக் கவனிக்கப்பட வேண்டியவர்கள்தான்.